பிரசவத்தோடு முடியாத ரத்தக் கொதிப்பு

கர்ப்பத்தில் ஏறிய ரத்தக் கொதிப்பு பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டால், தாய் தப்பிவிட்டாள் என்று நிம்மதி அடைகிறோம். அவளுடைய ரத்தக் குழாய்களைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். மலாக்காத் தமிழ்த் தாய்மார்களை முன்வைத்து ஒரு சிறப்புப் பார்வை.

"பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்." கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிவிட்ட பெண்ணுக்கு, ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை சொல்லும் ஆறுதல் இதுதான். அந்த ஆறுதலில் பாதி உண்மை இருக்கிறது. கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டு, அதோடு சிறுநீரில் புரதம் இறங்கினாலோ, சிறுநீரகம், கல்லீரல், மூளை ஆகியவற்றில் பாதிப்பின் அறிகுறி தெரிந்தாலோ, மருத்துவர்கள் அதை முன்சூல்வலிப்பு என்கிறார்கள். கிளினிக்கில் பிரி-எக்லாம்சியா என்றே பேச்சு. உலக அளவில் நூறு கர்ப்பங்களில் இரண்டு முதல் எட்டு வரை இது வருகிறது. இதனால் ஆண்டுக்குச் சுமார் 46,000 தாய்மார்களும், கருவிலோ பிறந்த சில நாளிலோ ஐந்து லட்சம் குழந்தைகளும் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. குழந்தையையும் நஞ்சுக்கொடியையும் வெளியே எடுப்பதைத் தவிர, இந்த நோயை நிறுத்தும் வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. பிள்ளை பிறந்தால் சரியாகும் என்ற நம்பிக்கை பிறந்தது இங்கேதான்.

மீதிப் பாதி உண்மையைத்தான் இந்தக் கட்டுரை பேச விரும்புகிறது. முன்சூல்வலிப்பு, பிரஷர் மானியில் ஏறி இறங்கும் எண்ணோடு முடிகிற நோய் அல்ல. அது தாயின் உடம்பு முழுவதும் ஓடும் ரத்தக் குழாய்களின் உள்சுவர் காயப்பட்டு அழற்சி அடையும் நோய். நஞ்சுக்கொடி வெளியேறினால் காயப்படுத்திய காரணம் நீங்குகிறது. காயத்தின் தடம் பல பெண்களிடம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. ஆகவே, இந்த நோய் வந்த தாயின் கண்காணிப்பு, குழந்தை பிறந்து ஓரிரு மாதத்தில் முடிந்துவிடக் கூடாது. சர்க்கரையும் கொதிப்பும் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு குடியிருக்கும் நம் சமூகத்தில் இது இன்னும் அவசரமான தேவை.

குழாயின் உள்சுவரில் நடப்பது

ஒவ்வொரு காலமும் இந்த நோயின் ஒரு முகத்தையே பார்த்தது. நம் பாட்டிமார் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது வலிப்பு மட்டும்தான். பிரசவ ஜன்னி என்று அஞ்சினார்கள். சென்னை எழும்பூர் தாய்சேய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனன், மூன்று மயக்க மருந்துகளைச் சேர்த்து வலிப்பை அடக்கும் முறையை 1961இல் ஒரு பன்னாட்டு மருத்துவ இதழில் எழுதினார். இந்திய மருத்துவமனைகளில் பல்லாயிரம் பெண்களுக்கு அந்த முறை கைகொடுத்தது. பின்னர் மக்னீசியம் சல்ஃபேட் அதன் இடத்தைப் பிடித்தது. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்களைக் கொண்டு நடத்தி 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, அந்த ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று காட்டியது. வலிப்பை அடக்கக் கற்றோம். பிரஷரை இறக்கக் கற்றோம். ஆனால் ஒரே நோய் ஏன் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் மூளையையும் கண்ணையும் ஒருசேரத் தாக்குகிறது என்ற கேள்வி மட்டும் நெடுங்காலம் நின்றது. 1989இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதற்கு விடை சொன்னார்கள். இந்த உறுப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ரத்தக் குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றை அடுக்குச் செல்கள்; நோய் அங்கேதான் இருக்கிறது என்றார்கள்.

அந்தச் செல்லடுக்கு சும்மா போர்த்தியிருக்கும் தோல் அல்ல. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துவதும், ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் காப்பதும், புரதம் வெளியே கசியாமல் தடுப்பதும் அதன் வேலை. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்கே சுருள்சுருளாக இருக்கும் தாயின் தமனிகளை மாற்றி அமைக்க வேண்டும். குறுகிய வாய்க்கால், ஆற்றின் முகத்துவாரம் போல் அகல வேண்டும். அப்போதுதான் வளரும் சிசுவுக்குப் போதிய ரத்தம் நிதானமாகப் போய்ச் சேரும். முன்சூல்வலிப்பு வரும் பெண்கள் பலரிடம், முக்கியமாக 34 வாரத்துக்கு முன்பே நோய் தலைகாட்டுபவர்களிடம், இந்த மாற்றம் அரைகுறையாக நின்றுவிடுகிறது. மூச்சுத் திணறும் நஞ்சுக்கொடி, தாயின் ரத்தத்தில் சில பொருள்களை அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. அவற்றில் முதன்மையான ஒன்றை 2003இல் அடையாளம் காட்டியது, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து பாஸ்டனில் ஆய்வு செய்த சிறுநீரக மருத்துவர் ஆனந்த் கருமஞ்சியின் குழு. எஸ்ஃப்ளிட்-1 என்ற அந்தப் புரதம், குழாயின் உள்சுவரைப் பேணும் வளர்ச்சிக் காரணிகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவை சுவரைச் சென்றடையாதபடி செய்துவிடுகிறது. கருமஞ்சி குழுவினர் அந்தப் புரதத்தை எலிகளின் உடலில் பெருகச் செய்தபோது பிரஷர் ஏறியது, சிறுநீரில் புரதம் இறங்கியது, சிறுநீரக வடிகட்டிகள் முன்சூல்வலிப்பில் காணும் அதே விதத்தில் வீங்கின. கர்ப்பமே இல்லாத எலிகளிடமும் இந்த மாற்றங்கள் தெரிந்தன. நோயின் தொடக்கம் நஞ்சுக்கொடியில் என்றாலும், அடி விழுவது தாயின் குழாய்களில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அழற்சி இந்தக் கதையின் மறுபாதி. எந்தக் கர்ப்பமும் தாயின் நோய் எதிர்ப்பு அமைப்பைச் சற்றே உசுப்பிவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ் ரெட்மனும் சக ஆய்வாளர்களும் 1999இல் முன்வைத்த கருத்து, முன்சூல்வலிப்பில் அந்த இயல்பான உசுப்பல் எல்லை மீறுகிறது என்பது. நஞ்சுக்கொடியிலிருந்து உதிரும் நுண்துகள்கள் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. வெள்ளணுக்கள் அவற்றைக் கண்டு விழித்துக்கொண்டு, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. குழாயின் உள்சுவர் பசைத்தன்மை பெற்று வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் பிடித்து ஒட்டவைக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு குறைய, குழாயை இறுக்கும் எண்டோதீலின் கூடுகிறது. இறுகிய குழாயால் பிரஷர் ஏறுகிறது; கசியும் குழாயால் முகமும் கையும் வீங்கி, வளையல் மணிக்கட்டில் இறுகுகிறது; சிறுநீரகத்தில் கசிந்த புரதம், கிளினிக் மிஸ்ஸி சிறுநீரில் நனைத்த மஞ்சள் பட்டையைப் பச்சையாக்குகிறது. தலையைப் பிளக்கும் வலி, கண்ணில் பூச்சி பறத்தல், 'கேஸ்திரிக்' என்று மாத்திரை போட்டுத் தள்ளிப்போடும் மேல்வயிற்று வலி எல்லாமே அந்த ஒரே செல்லடுக்கின் முறையீடுகள்தான்.

பிரசவத்துக்குப் பிறகு இந்தச் சுவர் என்ன ஆகிறது என்று நேரில் பார்க்க ஒரு சோதனை உண்டு. முன்கையில் பிரஷர் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். பட்டையைத் தளர்த்தியதும் ரத்தம் பாய்ந்து வரும். ஆரோக்கியமான தமனி அந்தப் பாய்ச்சலை உணர்ந்து தானே விரிந்து கொடுக்கும். எவ்வளவு விரிகிறது என்பதை மேற்கையில் ஸ்கேன் கருவி வைத்து அளக்கலாம். முன்சூல்வலிப்பு வந்துபோன பெண்களை இப்படி அளந்த ஓர் ஆய்வு 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. அவர்களில் பெரும்பாலோருக்குப் பிரசவமாகி ஆண்டுகள் ஓடியிருந்தன. பிரஷர் இறங்கிவிட்டது, மாத்திரை நின்றுவிட்டது, குழந்தை நடக்கவும் தொடங்கிவிட்டது. தமனி மட்டும் மற்றப் பெண்களுடையதைப் போல் விரியவில்லை. உடல் எடையையும் பிரஷரையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இதன் நீண்டகால விளைவைப் பெரிய எண்ணிக்கையில் காட்டியது 2007இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு. சுமார் 35 லட்சம் பெண்களின் விவரங்களை அது சேர்த்துப் பார்த்தது. முன்சூல்வலிப்பு வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றே முக்கால் மடங்கு. மாரடைப்பு போன்ற இதய நோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்குச் சற்றுக் கூடுதல். பக்கவாதம் வரும் வாய்ப்பு ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். 2011இல் அமெரிக்க இதயச் சங்கம், பெண்களின் இதய நோய்க்கான அபாயக் காரணிகளின் பட்டியலில் முன்சூல்வலிப்பையும் சேர்த்தது. ஆனால் நெஞ்சுவலி என்று வரும் ஐம்பது வயதுப் பெண்ணிடம், "தலைப்பிரசவத்தில் பிரஷர் இருந்ததா அம்மா?" என்ற கேள்வி இன்னும் எல்லா இடத்திலும் கேட்கப்படுவதில்லை.

மலாக்காவின் மாறிய கணக்கு

மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் எழுந்தது மலாக்காவில்தான். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டார். அதன் பின் வந்த தோட்டங்களில் நம் முன்னோர் பால் வெட்டிய காலத்தில், தாய்மாரைக் கொன்றவை மலேரியாவும் ரத்தசோகையும் பிரசவ ரத்தப்போக்கும். 1950இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். கோவிட்டுக்கு முந்தைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை இருபதுகளுக்கு இறங்கியிருந்தது. கிராமக் கிளினிக்குகள், வீடு தேடி வரும் தாதியர், கர்ப்பிணியின் ஆபத்து நிலையை வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தால் பிரித்து அட்டையில் குறிக்கும் முறை, 1991 முதல் ஒவ்வொரு தாய் மரணத்தையும் ரகசியமாக விசாரித்துப் பாடம் படிக்கும் ஏற்பாடு எல்லாம் சேர்ந்து செய்த சாதனை அது. ஆசகானிலோ தெபோங்கிலோ ஒரு கர்ப்பிணியின் அட்டையில் சிவப்பு விழுந்தால், மலாக்கா மருத்துவமனை வரை அவளைக் கொண்டு சேர்க்க ஒரு சங்கிலி தயாராக இருக்கிறது. இந்தச் சங்கிலியைக் குறைசொல்ல இடமில்லை. அது எங்கே முடிகிறது என்பதுதான் கேள்வி.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்ட வீடுகள் காலியாகி, குடும்பங்கள் புக்கிட் பாருவுக்கும் பாச்சாங்குக்கும் செங்குக்கும் குடிபெயர்ந்தன. ஆயர் குரோ, பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளில் நம் பெண்கள் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். உடலுழைப்பு குறைந்தது, தூக்கம் கெட்டது, சாப்பாட்டு நேரம் தாறுமாறானது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. சர்க்கரை, உடற்பருமன், ஏற்கெனவே உள்ள கொதிப்பு மூன்றும் முன்சூல்வலிப்பை அழைத்து வருபவை; மூன்றுமே குழாயின் உள்சுவரில் மெல்லிய, நீடித்த அழற்சியை உண்டாக்குபவை. அதாவது, நம் பெண்களில் பலர் ஏற்கெனவே சோர்ந்த குழாய்களோடு கர்ப்பமாகிறார்கள். முன்சூல்வலிப்பு அதே குழாய்களை மீண்டும் காயப்படுத்துகிறது. பிறகு அதே குழாய்களோடுதான் ஐம்பதையும் அறுபதையும் எட்டுகிறார்கள். இந்த மூன்று கட்டங்களையும் மூன்று தனி நோய்களாகப் பார்ப்பதால்தான் நடுவில் ஒரு பெரிய இடைவெளி விழுகிறது.

அந்த இடைவெளியின் அளவைச் சொல்லிவிடலாம். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 இலவசப் பரிசோதனை, குறைந்த வருமானக் குடும்பத்தினரில் 40 வயதை எட்டியவர்களுக்கானது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் பரிசோதனைத் திட்டமும் 40 வயதைத்தான் வாசலாக வைத்திருக்கிறது. 27 வயதில் முன்சூல்வலிப்பு வந்த பெண், பிரசவத்துக்குப் பிந்தைய கடைசிச் சோதனையை முடித்துக்கொண்டு வெளியே வந்தால், அடுத்த கதவு திறக்க 13 ஆண்டுகள் ஆகும். குழாய் கெட்டியாவதும் கொதிப்பு நிரந்தரமாவதும் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில்தான்.

மறுப்புகளும் பதில்களும்

இதை ஏற்காதவர்கள் எழுப்பும் முதல் மறுப்பு அறிவியல் சார்ந்தது. முன்சூல்வலிப்பு குழாயைக் கெடுக்கவில்லை. ஏற்கெனவே கெட்டிருந்த குழாய் கர்ப்பத்தில் வெளிப்பட்டது, அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். இது வலுவான வாதம். கர்ப்பத்துக்கு முன்பே பெண்களின் எடையையும் பிரஷரையும் கொழுப்பையும் அளந்து வைத்திருந்த நார்வே ஆய்வு, பிற்கால அபாயத்தில் கணிசமான பங்கு முன்பே இருந்த காரணங்களால் வருவது என்று காட்டியிருக்கிறது. எலிகளில் கண்டதும் தமனிச் சோதனையில் கண்டதும், முழுப் பழியையும் பழைய காரணங்கள் மீது போட முடியாது என்கின்றன. இரண்டும் கலந்திருப்பதாகக் கொள்வதே நியாயம். ஆனால் தாயைப் பொறுத்தவரை இந்த வழக்கின் தீர்ப்பு எப்படி வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். கர்ப்பம் குழாயைக் கெடுத்திருந்தால் அவளைக் கண்காணிக்க வேண்டும். கெட்டிருந்ததைக் காட்டிக் கொடுத்திருந்தாலும் கண்காணிக்க வேண்டும். 27 வயதிலேயே கிடைத்த எச்சரிக்கையைக் கிடப்பில் போடுவதற்கு எந்தத் தரப்பிலும் நியாயம் இல்லை.

இரண்டாவது மறுப்பு, கண்டுபிடித்து என்ன பயன் என்பது. குழாய் அழற்சியை ஆற்றும் மருந்து இருக்கிறதா? வைட்டமின் சி கொடுத்தபோது தமனி நன்றாக விரிந்தது என்று அந்த 2001 ஆய்வே சொன்னது. அதனால் வைட்டமின் சி, இ இரண்டும் நோயைத் தடுக்கும் என்று பெரிய நம்பிக்கை எழுந்தது. பிரிட்டனில் சுமார் 2,400 பெண்களிடம் சோதித்து 2006இல் வெளியான முடிவு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. நோய் குறையவில்லை, எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது கூடியது. அழற்சியைத் தணிக்கும் என்று விற்கப்படும் பொடியும் கஷாயமும் சத்து மாத்திரையும் வாங்கும் குடும்பங்கள் இந்தப் பாடத்தை மனத்தில் வைக்க வேண்டும். அதே சமயம், பயனுள்ளவை உண்டு. ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த ஆஸ்ப்ரே ஆய்வில், 37 வாரத்துக்கு முன்பே வரும் முன்சூல்வலிப்பு 62 விழுக்காடு குறைந்தது. அது 2017இல் வந்த முடிவு. பிரசவத்துக்குப் பிறகு வீட்டிலேயே பிரஷர் அளந்து, அதற்கேற்ப மருத்துவர் மாத்திரையைத் திருத்திக் கொடுத்த ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு 2023இல் வெளியானது. முதல் சில வாரம் அப்படிக் கவனிக்கப்பட்ட பெண்களின் பிரஷர், ஒன்பது மாதம் கழித்தும் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பிரசவம் முடிந்த வாரங்களில் காட்டும் அக்கறை, குழாய்க்குப் பின்னாளிலும் பலன் தருகிறது என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

மூன்றாவது மறுப்பு மனிதாபிமானமானது. கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணிடம் மாரடைப்பைப் பற்றிப் பேசி ஏன் பயமுறுத்த வேண்டும்? முப்பது வயதுப் பெண்ணுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு; சிறியது இரு மடங்கானாலும் சிறியதே என்பது உண்மைதான். அதை அவளிடம் அப்படியே சொல்லலாம். ஆனால் அந்த இரு மடங்கு அவளோடு சேர்ந்தே வயதாகும் என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்த பெண் ஆண்டுக்கு ஒருமுறை பிரஷர் பார்ப்பாள், அடுத்த கர்ப்பத்தைத் திட்டமிடுவாள், எடையைக் கவனிப்பாள். தெரியாத பெண்ணுக்கு நிம்மதி இருக்கும், பாதுகாப்பு இருக்காது. கிளினிக்கில் ஏற்கெனவே கூட்டம், இதற்கு வேறு ஆள் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கும் பதில் எளிது. கேட்பது ஸ்கேன் இல்லை, விலையுயர்ந்த ரத்தச் சோதனை இல்லை. ஒரு பிரஷர் பட்டை, ஒரு சிறுநீர்ப் பட்டை, ஒரு சர்க்கரைச் சோதனை, அட்டையில் ஒரு வரி. பின்னாளில் ஒரு பக்கவாதத்துக்கும் டயாலிசிஸுக்கும் ஆகும் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இனி செய்ய வேண்டியது

முதல் மாற்றம் வீட்டில் தொடங்க வேண்டும். மூன்று மாதம் முடியும் வரை கர்ப்பத்தை வெளியே சொல்லாத வழக்கம் நம்மிடம் உண்டு. ஊருக்குச் சொல்லாமல் இருக்கலாம். கிளினிக்குக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது. ஆஸ்பிரின் பலன் தரும் காலம் 16ஆம் வாரத்துக்கு முன்பே தொடங்குகிறது; அது யாருக்கு வேண்டும் என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், தானாக வாங்கிப் போடக் கூடாது. முன் கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர், சர்க்கரையோ சிறுநீரக நோயோ உள்ளவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர் ஆகியோர் அதை முதல் வருகையிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாய்க்கோ உடன்பிறந்த அக்காள் தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பிரஷர் மறுபடி உச்சத்துக்கு ஏறும். வலிப்பும் அப்போது வரலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலி வந்தால் தலைக்குக் குளித்ததால் நீர் கோத்துவிட்டது என்று தைலம் தேய்த்துப் படுக்க வைப்பது ஆபத்து. வீட்டுக்கு வரும் மிஸ்ஸி பிரஷர் பார்க்காமல் போகக் கூடாது. பார்த்து எழுதிய எண்ணைக் கணவரும் மாமியாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது மாற்றம் ஏற்பாட்டில் வர வேண்டும். 2023 ஜனவரி முதல் தனியார் துறையிலும் பிரசவ விடுப்பு 98 நாள். பிரசவம் நெருங்கி விடுப்பெடுத்த தொழிற்சாலைப் பெண்ணுக்கு ஆறாம் வாரச் சோதனையும் மூன்றாம் மாதச் சோதனையும் விடுப்புக்குள்ளேயே முடிந்துவிடும். சம்பளம் போகும் என்ற காரணத்துக்கு அங்கே இடமில்லை. மூன்றாம் மாதத்திலும் பிரஷர் இறங்காவிட்டாலோ புரதம் நிற்காவிட்டாலோ அவளை நிரந்தர நோயாளியாகப் பதிந்து சிகிச்சை தொடங்க வேண்டும். இறங்கியிருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொல்லித் தேதி கொடுக்க வேண்டும். பெக்கா பி40, பெர்கேசோ திட்டங்களில் முன்சூல்வலிப்பு வந்த பெண்களுக்கு மட்டும் வயது வரம்பைத் தளர்த்தக் கோருவது பெரிய கோரிக்கை அல்ல. மலாக்காவின் மகளிர் இயக்கங்களும் கோயில் நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் இந்தக் கோரிக்கையை மனுவாக எடுத்துச் செல்லலாம். பள்ளிக்குப் பிள்ளையை அழைத்து வரும் தாய்மாரில் இந்த நோயைக் கடந்து வந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். பெற்றோர் கூட்டத்தன்று ஒரு மேசையில் பிரஷர் மானி வைத்தாலே போதும்.

கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணைச் சுற்றி எத்தனை பேர் கவலைப்படுகிறோம். குழந்தை கைக்கு வந்ததும் அந்தக் கவலை முழுவதும் குழந்தை பக்கம் திரும்பிவிடுகிறது. முன்சூல்வலிப்பில் பிழைத்த தாய், தன் குழாய்களில் அந்தக் காயத்தைச் சுமந்துகொண்டுதான் பிள்ளையை வளர்க்கிறாள். அவளுடைய அட்டையில் இருக்கும் அந்த ஒரு வரியை அடுத்த மருத்துவர் பார்க்க வேண்டும். அதற்கடுத்தவரும் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் கர்ப்பத்தின்போது கொதிப்பு வந்த பெண் இருந்தால், அது பத்து ஆண்டுக்கு முந்தைய கதையானாலும், இந்த மாதமே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் அந்தக் கர்ப்பத்தைப் பற்றி முதலில் சொல்லச் சொல்லுங்கள்.